கேளுங்கள், டீச்சர் சொல்கிறேன்: கடல் கடந்து போகும் பிள்ளைகள்

கேள்வி: டீச்சர், என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்கிறாள். பள்ளியின் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் மே மாதம் இரண்டு வாரம் ஜெர்மனிக்குப் போகிறாள். அங்கே ஒரு மாணவியின் வீட்டில் தங்குவாள். அக்டோபரில் அந்தப் பெண் இங்கே வருவாள். எங்களுக்கு இரண்டே அறை. ஏசி கிடையாது. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். "மகளை அனுப்பலாம், வருகிற பெண்ணை மட்டும் ஓட்டலில் தங்க வைக்கலாம்" என்கிறார் கணவர். சரியா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

சரியில்லை, சகோதரி. முகம் தெரியாத ஒரு குடும்பம் உங்கள் மகளை இரண்டு வாரம் வீட்டுப் பிள்ளையாக வைத்துச் சோறு போடப் போகிறது. அந்த வீட்டுப் பெண் இங்கே வரும்போது ஓட்டல் அறைச் சாவியைக் கொடுத்தால் அவள் மனம் என்ன பாடுபடும்?

பணியில் இருந்த காலத்தில் இப்படிப் பிள்ளைகளை அழைத்துப் போயிருக்கிறேன். அங்கிருந்து வந்தவர்களை இங்கே வீடு வீடாகத் தங்கவும் வைத்திருக்கிறேன். விமானம் ஏறிப் போன கதையைத்தான் பெற்றோர் ஊரெல்லாம் சொல்வார்கள். நம் பிள்ளைகள் கண்ணெதிரே வளர்ந்ததை நான் பார்த்தது, விருந்தாளி நம் வீட்டில் இருந்த நாட்களில்தான். இந்தக் கோலம் ஏன், இந்தக் களியை ஏன் மெல்லாமல் விழுங்குகிறோம், சாலையோரம் நிற்கும் அந்த நடுகல் யாருக்கு என்று வந்தவள் கேட்பாள். பதில் தெரியாத உங்கள் மகள் பாட்டியிடம் ஓடுவாள். அந்த ஓட்டத்துக்காகவே இந்தத் திட்டத்தில் சேரலாம்.

ஏசி வேண்டாம். சுத்தமான விரிப்போடு தனிப் படுக்கை, கொசுவலை, தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் குளியலறை போதும். உங்கள் மகளின் அறையிலேயே தங்கட்டும். அங்கேயும் பல வீடுகளில் அப்படித்தான். கழிப்பறை நம் பாணியில் இருந்தால் பள்ளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடிக்கக் கொதிக்க வைத்து ஆறிய நீர் அல்லது சீல் வைத்த பாட்டில் நீர் மட்டும் கொடுங்கள். ஜெர்மனியில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் குழாயைத் திறந்துவிடுவாள், முதல் நாளே எச்சரியுங்கள்.

மாமியார் இருப்பதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய பலமாகப் படுகிறது. பர்கூர் பக்கம் ஒரு வீட்டில் ஜெர்மன் பையன் ஒருவன் தங்கியிருந்தான். நான் போய்ப் பார்த்தபோது திண்ணையில் பாட்டியோடு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். ஓட்டைப் பக்கவாட்டில் நசுக்கி நசுக்கிப் பருப்பை உடைத்துக்கொண்டிருந்தான். பாட்டி அவன் கட்டைவிரலைப் பிடித்துக் காயின் மூக்கில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். ஓடு இரண்டாகப் பிளந்தது, பருப்பு முழுசாக வந்தது. அவர் முழுக்கத் தமிழில் பேச, இவன் ஜெர்மனில் பதில் சொல்ல, முறம் நிறைந்துகொண்டிருந்தது. வீட்டு வேலையில் ஒரு பங்கு கொடுத்தால்தான் பிள்ளை அந்த வீட்டில் ஒட்டும். உங்கள் மகளுக்கும் இதையே சொல்லி அனுப்புங்கள்: சாப்பிட்டதும் தட்டை எடுத்து வைக்கட்டும், குப்பையைப் பிரித்துப் போடக் கற்கட்டும். அங்கே காகிதத்துக்கு ஒரு தொட்டி, சமையல் கழிவுக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறைக்கு ஒன்று. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியக் கூடாது. கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் பெரும்பாலான பாட்டில்களுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

சாப்பாட்டு மேசையில் ஒரு சங்கடம் வரும். நம் பிள்ளைகள் முதல் முறை கேட்டால் மரியாதைக்கு "வேண்டாம்" என்பார்கள். இன்னும் இரண்டு முறை வற்புறுத்துவார்கள் என்று காத்திருப்பார்கள். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டி, சீஸ், வெள்ளரித் துண்டு என்று ஆறிய உணவு. எங்கள் மாணவி ஒருத்தி முதல் இரவு அப்படி ஒரு முறை தலையாட்டிவிட்டுப் பட்டினியாகப் படுத்தாள். மறுநாள் பள்ளியில் என்னைப் பார்த்ததும் அழுதாள். அந்த வீட்டம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துடித்துப்போனார். பசித்தால் வாய் திறந்து கேள் என்று மகளுக்குச் சொல்லுங்கள். நீங்களும் இங்கே வருகிற பெண் போதும் என்றால் கரண்டியைக் கீழே வையுங்கள். தட்டில் திணிப்பது அன்பு என்று அவளுக்குத் தெரியாது.

வாசலில் பிளெக்ஸ் வேண்டாம். அவளைக் கேட்காமல் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். "எவ்வளவு சிவப்பாக இருக்கிறாள் பார்" என்று உங்கள் மகளின் காதுபட யாரும் பேச விடாதீர்கள். இதில் நான் மிகக் கண்டிப்பு. அந்த ஒரு பேச்சு நம் பெண்களுக்குள் என்ன செய்கிறது என்பதை வகுப்பறையில் பார்த்தவள் நான்.

ஊர் சுற்ற பெங்களூரு மால்களுக்கு இழுத்துப் போகாதீர்கள். மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள், அதாவது இறந்தவர்களுக்காகக் கற்பலகைகளால் எழுப்பிய நினைவிடங்கள், மலைமேல் நிற்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இரண்டும் நம் கிருஷ்ணகிரி மாவட்டம். இதையெல்லாம் உங்கள் மகள் முன்பே படித்து வைத்து, தானே விளக்கட்டும்.

சட்டப்படி ஒரு கடமையும் உண்டு. வெளிநாட்டவர் வந்து தங்கினால், வீடாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் பதிய வேண்டும். பள்ளியின் உதவியோடு அன்றே முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனி வீட்டாருக்கு நம் ஊர் மாம்பழமும் பால்கோவாவும் கொடுத்து அனுப்பலாமா? கறிவேப்பிலையும் கேட்கிறாள் மகள்.
– வாசகர், போச்சம்பள்ளி

மூன்றும் கூடாது. பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகத் தடை. நெய்யும் இதில் அடங்கும். மாம்பழத்துக்குப் பூச்சி, நோய் இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்று வேண்டும். பழ ஈ காரணமாக 2014-ல் இந்திய மாம்பழத்தையே அவர்கள் நிறுத்தி வைத்து, 2015-ல்தான் மீண்டும் அனுமதித்தார்கள். கறிவேப்பிலை இலைக்கு முழுத் தடை. கடலை மிட்டாய், மிளகுப் பொடி, சீல் வைத்த டின்னில் மாங்கூழ் கொண்டுபோகலாம். மாங்கூழ் நம் கிருஷ்ணகிரியின் பெருமை, டின்னைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

மகள் சைவமா என்று பள்ளியிடம் இப்போதே எழுதிக் கொடுங்கள். அங்கே பிள்ளைகள் விரும்பித் தின்னும் ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். அதையும் மகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: விசாவுக்கு என்று பெரிய தொகை கேட்கிறார் பயண ஏஜென்ட். நியாயமா?
– வாசகர், ஓசூர்

கணக்கைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம். ஆனால் படிப்புக்காகப் போகும் பள்ளி மாணவர்களுக்கும் உடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் அது விலக்கு. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இந்த விலக்கைச் சொல்லாமல் பணம் கேட்பவரிடம் கணக்கிலுள்ள மற்ற தொகைகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கேள்வி: தினமும் மகனோடு வீடியோவில் பேசலாமா?
– வாசகி, பாலக்கோடு

வேண்டாமே. மே மாதத்தில் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். நீங்கள் படுக்கப் போகும் நேரம் அங்கே குடும்பம் கூடியிருக்கும் மாலை. அந்த நேரத்தில் கைபேசியோடு அறைக்குள் போய்விடும் பிள்ளை எதற்காகப் போனானோ அதை இழக்கிறான். சேர்ந்துவிட்டேன், சாப்பிட்டேன் என்று ஒரு வரிச் செய்தி போதும்.

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. இதெல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்குத்தானா, டீச்சர்?
– வாசகர், அரூர்

அப்படி நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள், ஐயா. பள்ளிகளில் நடக்கும் வினாடி வினா, இலக்கிய மன்றம், சிறார் திரைப்பட மன்றப் போட்டிகளில் மாநில அளவில் வென்ற அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அரசே வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போயிருக்கிறது. 2022 நவம்பரில் துபாய், சார்ஜாவுக்குப் போய்வந்தார்கள். ஜப்பான் 2014-ல் தொடங்கிய சகுரா அறிவியல் திட்டத்திலும் இந்தியப் பள்ளி மாணவர்கள் போகிறார்கள்.

வகுப்பாசிரியரிடம் மன்றப் போட்டிகளுக்கு மகன் பெயரைக் கொடுங்கள். பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். 18 வயதுக்குட்பட்டோருக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,000 ரூபாய். தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் மட்டும் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் வேறு மாதிரி எழுத்து இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். அதற்குத்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.