தொட்டியின் அடியில் என்ன நடக்கிறது? பால்கனித் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுப் பால்கனியில் 12 தொட்டிகள் வைத்திருக்கிறேன். தண்ணீர் வடிவதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு அங்குல உயரத்துக்கு ஜல்லி போட்டு, அதன்மேல் மண் நிரப்பினேன். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியிருந்தும் மிளகாய்ச் செடிகளின் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லையா, உரம் போதவில்லையா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தண்ணீர் மிகுந்துபோய் வேருக்குக் காற்று கிடைக்காமல் இருப்பதே காரணமாக இருக்க வேண்டும். ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். தொடக்கத்தில் நானும் அப்படி நம்பிப் பல தொட்டிகளுக்கு ஜல்லி போட்டேன். ஆனால் நடப்பது வேறு.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கைவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது அடங்கியதும், பிழியாமல் அதை நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். நின்றுபோன சொட்டு மறுபடியும் தொடங்குவதைக் காண்பீர்கள். ஸ்பாஞ்சு அதேதான், உயரம் மட்டுமே கூடியிருக்கிறது. நுண்துளைகள் உள்ள எந்தப் பொருளும் தன் அடிப்பகுதியில் ஓரளவு உயரத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டி மண்ணும் அப்படித்தான். அந்த ஈர அடுக்கு எவ்வளவு உயரம் நிற்கும் என்பது மண்துகள்கள் எவ்வளவு பொடியானவை என்பதைப் பொறுத்தது. தொட்டி பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததன்று. மண்ணின் சிறிய இடைவெளிகள் தண்ணீரை இறுகப் பற்றியிருப்பதால், அடியிலுள்ள மண் நிறைந்து ததும்பிய பிறகே அது ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்குள் இறங்கும். ஆகவே ஜல்லி போட்டதனால் அந்த ஈர அடுக்கு மறைந்துவிடவில்லை. இரண்டு அங்குலம் மேலேறி, வேர் இருக்கும் இடத்துக்கே வந்திருக்கிறது.

ஒரு தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு மெல்ல உருவிப் பாருங்கள். நான் முதன்முதலில் அப்படி உருவிய செடியில், மேல் பாதியில் வெள்ளையாகவும் விறைப்பாகவும் இருந்த வேர்கள், ஜல்லிக்குச் சற்று மேலே கோடு கிழித்தாற்போல் நின்றுபோயிருந்தன. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தவை பழுப்பேறி, விரலால் இழுத்தால் மேல்தோல் உறையைப்போலக் கழன்று வந்தன. சேற்று நாற்றமும் இருந்தது. உங்கள் செடியும் அப்படியிருந்தால், அழுகிய வேர்களைக் கத்தரித்துவிட்டு, ஜல்லியை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிய கலவையில் நடுங்கள். மண் ஒழுகாமலிருக்க ஓட்டையின்மேல் ஒரு துண்டு வலையோ உடைந்த ஓட்டுச் சில்லோ போதும். புதிய வேர் விடும்வரை உரம் வேண்டாம்; அழுகிய வேரால் அதை உறிஞ்ச இயலாது.

தண்ணீர் ஊற்றுவதற்குக் கடிகாரத்தைப் பார்க்காமல் மண்ணைப் பாருங்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஓட்டை வழியே வடியும் அளவுக்கு நிறைய ஊற்றுங்கள். தண்ணீர் மிகுந்த செடியும் வாடித்தான் நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வாட்டத்தைக் கண்டவுடன் குவளையை எடுக்கும் பழக்கம், காய்ந்து செத்த செடிகளைவிட அதிகமான செடிகளைக் கொன்றிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: தரையில் நன்றாக விளைந்த தோட்டத்து மண்ணையே தொட்டியில் நிரப்பினேன். ஒரு மாதத்தில் செங்கல்போல் இறுகிவிட்டது. என்ன கலக்க வேண்டும்?

பதில்: தரையில் மண்புழுக்களும் பழைய வேர்த்தடங்களும் மண்ணைத் திறந்து வைத்திருக்கின்றன; தொட்டியில் அவை இல்லாததால், ஊற்றும் தண்ணீரே மண்ணை அழுத்திவிடுகிறது. தோட்டத்து மண், தென்னை நார்க்கழிவு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம அளவில் கலப்பது பெரும்பாலான செடிகளுக்கு ஒத்துவரும். களிமண்ணாக இருந்தால் மண்ணின் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை ஊறவைத்து, வடித்து, பிறகு சேர்ப்பது நல்லது. உரம் மக்க மக்கக் கலவை சில மாதங்களில் சில அங்குலம் இறங்கும். அது குறையன்று, மேலே புதிய உரமிட்டு நிரப்பினால் போதும்.

ஒருமுறை முற்றிலும் காய்ந்துபோன கலவை தொட்டியின் பக்கங்களைவிட்டு விலகி நிற்கும். அந்நிலையில் ஊற்றும் தண்ணீர் இடைவெளி வழியாக ஓடி ஓட்டையில் வந்துவிடும். நடுவில் வேர் காய்ந்தே இருக்கும். தொட்டியை அரைமணி நேரம் ஒரு தண்ணீர் வாளிக்குள் நிறுத்தி வைத்தால், ஈரம் அடியிலிருந்து ஏறிக் கலவை மறுபடியும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: வாடகை வீட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பால்கனி எத்தனை தொட்டிகளைத் தாங்கும்?

பதில்: எண்ணிக்கையைக் கேட்காமல் எடையைக் கேட்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; நனைந்த மண் கலவை அதைவிடவும் கனமாக இருக்கக்கூடும். தக்காளிக்கு ஏற்ற 20 லிட்டர் தொட்டி ஒன்று, தண்ணீர் ஊற்றியபின் 20 முதல் 30 கிலோ வரை இருக்கலாம். பத்துத் தொட்டி வைத்தால், மூன்று நான்கு பேர் இரவும் பகலும் அங்கேயே நிற்பதற்குச் சமம். கட்டடத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் விளிம்புக்குப் போகப் போகப் பாரத்தின் தாக்கம் கூடும்; ஆகையால் பெரிய தொட்டிகளை வீட்டுச் சுவரையொட்டி வையுங்கள். மண்ணின் பங்கைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டினால் எடை குறையும். கைப்பிடிக் கம்பிக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள். கீழே நடப்பவர்களின் தலைக்குமேல் அது இருக்கிறது. தளத்தில் விரிசலோ, கம்பி துருப்பிடித்த அடையாளமோ தெரிந்தால், கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு தொட்டிகூட வைக்க வேண்டாம்.

கேள்வி: தக்காளிச் செடி ஆளுயரம் வளர்ந்து, கரும்பச்சையாகத் தழைத்திருக்கிறது. பூக்கள் வருகின்றன, ஆனால் காம்போடு உதிர்ந்துவிடுகின்றன.

பதில்: தழை இவ்வளவு செழித்திருப்பதால், தழைச்சத்து மிகுந்த உரத்தை நிறையக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். அதைச் சில வாரம் நிறுத்துங்கள். வெப்பத்தையும் கவனியுங்கள்: பகலில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ, தக்காளியின் மகரந்தம் பழுதாகிப் பூ உதிர்வது இயல்பு. அது பருவம் மாறினால் தானாகச் சரியாகும். காற்றும் அசைவும் குறைந்த மூலையில் செடி நின்றால், முற்பகலில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருப்பதால் அந்த அதிர்வே போதும். பூசணி, பாகல் போன்றவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. தேனீ எட்டாத உயரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின்மேல் நீங்கள்தான் தடவிவிட வேண்டும். பெண் பூவின் காம்பில் குட்டிக் காய் ஒன்று இருக்கும்.

கேள்வி: மூன்று மணி நேரம்தான் வெயில் விழுகிறது. என்ன வளர்க்கலாம்?

பதில்: கீரை வகைகள், புதினா, கொத்தமல்லி. காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும். உரம் அந்தக் குறையை ஈடுசெய்யாது. கீரைக்கு ஆறு அங்குல ஆழமே போதுமானது.

கேள்வி: கத்தரி இலைகளில் ஊசி முனையளவு வெளிர்ப் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. பூச்சி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பதில்: இலைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில துகள்கள் நகர்ந்தால் அவை சிலந்திப்பேன்கள். விரலால் தேய்த்தால் தாளில் கறைக்கோடு விழும். சூடும் வறட்சியும் அவற்றுக்கு உகந்தவை என்பதால், வெயிலில் கொதிக்கும் சுவரையொட்டிய செடிகளுக்கே முதலில் வரும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால், மூன்று நாளுக்கு ஒருமுறை என இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். பொதுவான பூச்சிக்கொல்லிகள் பலவும் இவற்றைத் தின்னும் நல்ல பூச்சிகளையே முதலில் அழிப்பதால், அவற்றைத் தெளித்தபின் பேன்கள் பெருகுவதுண்டு. கழுவி வடியும் தண்ணீரைத் தொட்டியின் அடித்தட்டில் தேங்கவிடாமல் உடனே கொட்டிவிடுங்கள். ஒரு வாரம் நின்றால் அதில் கொசு பிறந்துவிடும்.