டெஸ்டிங் வேலை மட்டமா, அக்கா?

அக்கா, மகளைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் என்னைப் பார்க்க வந்தபோது கேட்டீர்கள்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிட்டு, அடுத்தவன் எழுதின புரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கிற வேலைக்கா போகணும்?" அன்றைக்குக் கூட்டத்தில் நிதானமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

ரப்பர் ஷீட் விற்கிற வீடு உங்களுடையது, அதை வைத்தே சொல்கிறேன். ஷீட்டின் எடையும் விலையும் காட்டும் ஓர் ஆப் இருக்கிறது என்று வையுங்கள். ஆப் கேட்கும், எங்கோ இருக்கும் சர்வர் பதில் அனுப்பும். அந்தக் கேள்வி பதிலுக்கான வழிதான் ஏபிஐ. பதில் பெரும்பாலும் ஜேசன் என்ற வடிவத்தில் வரும். அதில் 12 என்று வந்தால் எண். மேற்கோள் குறிக்குள் "12" என்று வந்தால் வெறும் எழுத்து. ஆப் திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் "12"ஐயும் "8"ஐயும் அப்படியே கூட்டினால் 20 வராது, 128 வரும். 20 கிலோ ஷீட்டுக்கு 128 கிலோ கணக்கு! பில் போடுவதற்கு முன் இதைப் பிடிப்பவர்தான் டெஸ்டர்.

பல பிள்ளைகள், கேள்வி சரியாகப் போய்ச் சேர்ந்து பதில் வந்துவிட்டது என்று சர்வர் சொல்லும் 200 என்ற குறியீடு வந்ததும் 'சரி, வேலை முடிந்தது' என்று நிறுத்திவிடுகிறார்கள். 200 வந்தும் உள்ளே தப்பான பதில் இருக்கலாம். சந்தை இல்லாத நாளில் விலை எப்படி வர வேண்டும்? 0 என்றா, 'மதிப்பு எதுவும் இல்லை' என்று காட்டும் 'நல்' (null) என்றா, விலை என்ற பெயரே இல்லாமலா? மூன்றும் வேறு வேறு. 0 என்று திரையில் தெரிந்தால் ஷீட் வைத்திருப்பவர் என்ன பாடுபடுவார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பதைப்பு தெரிந்த வீட்டுப் பிள்ளை இந்த வேலைக்குப் பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

நகையை அடகு வைத்து 'வேலை உறுதி' கோர்ஸில் சேர்க்காதீர்கள், தயவுசெய்து. ஏபிஐக்குக் கேள்வி அனுப்பிப் பதிலைப் பார்க்க உதவும் போஸ்ட்மேன் என்ற மென்பொருளை இலவசமாகவே தொடங்கலாம், வீட்டு லேப்டாப் போதும். பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஓர் ஏபிஐயை எடுத்து, வேண்டுமென்றே தப்பான கேள்விகளை அனுப்பிப் பார்க்கட்டும். என்ன எதிர்பார்த்தாள், என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அப்புறம் பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட், ஏதாவது ஒன்று.

ஐடி கம்பெனிகள் இருக்கும் திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990இல் தொடங்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். மலையாளம் அவளுக்குப் புதிதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். பத்துத் தப்பான கேள்விகளுக்கு வந்த பதில்களை அந்த நோட்டில் பார்க்க வேண்டும்.