பிரிட்டனில் நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிடேஜ்: எந்த உறுப்பினர் அட்டை லாபம்?

நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிடேஜ் இரண்டும் பழமையான இடங்களைப் பராமரித்து மக்களுக்குத் திறந்து வைக்கும் அறக்கட்டளைகள். சந்தா கட்டி உறுப்பினரானால் அந்த இடங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் எது என்று கேட்டிருக்கிறீர்கள். வார இறுதியில் எப்படிப்பட்ட இடங்களுக்குப் போவீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். பழைய மாளிகை, தோட்டம், கடற்கரை நடை என்றால் நேஷனல் டிரஸ்ட். அதன் பெரும்பாலான கார் நிறுத்தங்கள் உறுப்பினருக்கு இலவசம். அடிக்கடி நடக்கப் போகிறவர்களுக்கு அதிலேயே சந்தாவில் நல்ல பங்கு திரும்பிவிடும். கோட்டை, ரோமானியச் சுவர் என்றால் இங்கிலிஷ் ஹெரிடேஜ். அது 400க்கும் மேற்பட்ட இடங்களைப் பராமரிக்கிறது. ஆனால் அவற்றில் நிறைய இடங்களுக்கு யாருக்குமே கட்டணம் கிடையாது. அதனால் அந்த எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம், கட்டணம் உள்ளவற்றை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

பரஸ்பர அனுமதியில்தான், அதாவது ஒரு அமைப்பின் அட்டையை வேறு அமைப்பின் இடங்களிலும் ஏற்பதில்தான், உண்மையான லாபம். இங்கிலிஷ் ஹெரிடேஜ் உறுப்பினருக்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டை, வேல்ஸின் கானர்வன் கோட்டை போன்றவற்றில் முதல் வருடம் பாதிக் கட்டணம், புதுப்பித்த பிறகு இலவசம். ஆகவே ஸ்காட்லாந்துப் பயணத்தை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளி வைப்பது புத்திசாலித்தனம். நேஷனல் டிரஸ்ட் அட்டை ஸ்காட்லாந்தின் தனி டிரஸ்டிலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளின் அமைப்புகளிலும் செல்லும். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தை நடத்துவது இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்றாலும் நேஷனல் டிரஸ்ட் உறுப்பினரும் இலவசமாகப் போகலாம். நேரத்தை மட்டும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

அப்புறம், சிறப்பு நிகழ்ச்சிகளுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். கிளம்பும் முன் அந்த இடத்தின் விதியைப் பார்த்துவிட்டு, அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.