தோட்டத்தில் குரங்கு செத்துக் கிடந்தால்

கேள்வி: கூடலூர் பக்கம் காட்டோரமாக ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். மூன்று நாளில் இரண்டு குரங்குகள் மரத்தடியில் செத்துக் கிடந்தன. உடம்பில் காயம் இல்லை. ஒன்றைப் புதைத்துவிட்டோம், மற்றது அப்படியே கிடக்கிறது. பழம் பறிக்கும் நேரம். குரங்குக் காய்ச்சல் என்று ஆட்கள் வேலைக்கு வர பயப்படுகிறார்கள். கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போய் அறுத்துப் பார்க்கச் சொல்லலாமா?

பதில்: எடுத்துப் போகாதீர்கள். அதைத் தொடவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். இதைப் படித்த கையோடு வனச்சரக அலுவலகத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அந்த மரத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள் ஆள், மாடு, நாய் எதுவும் நுழையக் கூடாது.

உங்கள் ஆட்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1957-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்தன. சுற்று வட்டார ஊர்களில் மனிதர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்றுதான் முதலில் அஞ்சினார்கள். புனே ஆய்வகம் ஆராய்ந்த பிறகே உண்ணி பரப்பும் புது வைரஸ் என்று தெரிந்தது. குரங்குக் காய்ச்சலை உண்டாக்குவது அதுதான். 2012-இல் பந்திப்பூரிலும் நீலகிரியிலும் செத்த குரங்குகளில் அதே வைரஸ் இருந்தது. அடுத்த ஆண்டு வயநாட்டில் மனிதர்களுக்கே வந்தது. கூடலூர் இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது.

செத்த குரங்கைவிட, அது கிடந்த தரையைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன். குரங்கின் மேல் ரத்தம் குடித்துக்கொண்டிருந்த உண்ணிகள், உடம்பு குளிர்ந்ததும் இறங்கிச் சருகுக்குள் போய்விடும். உடலைப் புதைத்தாலும் அவை அங்கேயேதான் இருக்கும். அதிகம் கடிப்பவை கசகசா அளவே உள்ள இளம் உண்ணிகள். கடித்ததே பலருக்குத் தெரியாது. மழை ஓய்ந்து கோடை முடியும்வரை அவற்றின் காலம். காப்பி பறிப்பும் அதே மாதங்களில்தான். குரங்கு செத்த இடத்தைச் சுற்றி மாலத்தியான் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவுவது இந்த உண்ணிகளைக் கொல்லத்தான்.

அறுத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு விடை கிடைக்காது. மின்கம்பி, விஷம், நிமோனியா என்று குரங்கு சாகப் பல காரணங்கள் உண்டு. இந்த வைரஸ் மட்டுமே உண்டாக்கும் அடையாளம் என்று உறுப்புகளில் எதுவும் இல்லை. அறுப்பவருக்கும் தொற்றலாம். அதனால் முழுப் பாதுகாப்பு உடையோடு வரும் குழுதான் மூளை, ஈரல் போன்றவற்றிலிருந்து மாதிரி எடுத்து, குளிர்ப் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனை செய்வார்கள். உடல் அழுக அழுக வைரஸின் தடயமும் சிதைந்துகொண்டே போகும். அழுகிய உடலில் 'இல்லை' என்று முடிவு வந்தால் நான் அதை நம்பி ஆட்களை உள்ளே அனுப்ப மாட்டேன். நல்ல குழு சருகின் மேல் வெள்ளைத் துணியை இழுத்து, அதில் ஒட்டும் உண்ணிகளையும் சோதனைக்கு எடுத்துப் போகும்.

தோட்டத்தின் மற்றப் பகுதியில் பறிப்பை நடத்தலாம். முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்கள், பேன்ட் முனையைக் காலுறைக்குள் செருகச் சொல்லுங்கள். பூச்சி விரட்டி எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். சருகில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அந்தச் சருகை மாட்டுக்கொட்டகையில் பரப்பவும் கூடாது. வீடு திரும்பியதும் சுடுநீரில் குளித்து, தொடை இடுக்கு, அக்குள், காதோரம் பார்க்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பீடி நெருப்பும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். மாடுகளுக்கு நோய் வராவிட்டாலும் உண்ணியைப் பெருக்குவது அவைதான். உண்ணி மருந்து போட்டுவிடுங்கள்.

உண்ணி கடித்து 3 முதல் 8 நாளில் திடீர்க் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, தசைவலி, கண் சிவப்பு வரும். சிலருக்கு ரத்தக்கசிவும் உண்டு. நோய் வந்த 100 பேரில் 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, ஆனால் சீக்கிரம் மருத்துவமனையில் சேர்ந்தவரைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் கண்ட முதல் சில நாளில் பிசிஆர் சோதனை, அதற்குப் பிறகு ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது பரவுவதில்லை. நோயாளியை ஒதுக்கி வைக்காதீர்கள்.

முதல் குரங்கைப் புதைத்தவர் யார், எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் அவருக்கு உடம்பு சுட்டால், 'செத்த குரங்கைத் தொட்டேன்' என்பதை மருத்துவரிடம் முதலில் அவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்று தேடி நாட்கள் போய்விடும். புதைத்த இடத்தையும் வனத்துறைக் குழுவுக்குக் காட்டுங்கள்.