பூஜ்யம் போட்டால் சராசரி சரியும்

கேள்வி: எட்டாம் வகுப்பு மதிப்பெண்களை எக்செல்லில் ஏற்றுகிறேன். வராத பிள்ளைகளுக்கு 0 போட்டதால் வகுப்புச் சராசரி குறைகிறது. பெயர்களை அகர வரிசைப்படுத்தினாலும் தாறுமாறாக வருகிறது. என்ன செய்ய?
– ஆசிரியை, குடியாத்தம்

பதில்: 0 என்பது எக்செல்லுக்கு ஒரு மதிப்பெண். 40 பேரில் 38 பேர் எழுதி மொத்தம் 2280 என்றால் சராசரி 60. வராத இருவருக்கு 0 இட்டால் அதுவே 57 ஆகிவிடும். அந்தக் கட்டங்களில் ‘வரவில்லை’ என்று எழுத்தாகவே தட்டுங்கள். ஆவரேஜ் சூத்திரம் எழுத்தைக் கணக்கில் சேர்க்காது.

35க்குக் கீழே எடுத்தவர்களைச் சிவப்பாகக் காட்ட, மதிப்பெண் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று போய் 35 கொடுங்கள்.

பெயர்க் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துரு. திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். வரிசையும் அவற்றின்படியே அமையும். எழுத்துருவை மட்டும் மாற்றினால் கிறுக்கல்தான் மிஞ்சும். பெயர்களை ‘கன்வெர்ட்டர்’ எனப்படும் மாற்றி மென்பொருளில் இட்டு, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

வரிசைப்படுத்தும்போது ‘எக்ஸ்பேண்ட் தி செலக்‌ஷன்’ என்று கேட்டால் அதையே தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் மற்றதைச் சொடுக்கினால் பெயர்கள் மட்டும் நகரும், மதிப்பெண்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருவர் மதிப்பெண் இன்னொருவருக்குப் போய்விடும். அப்படி ஆனால் உடனே கன்ட்ரோல் இசட்.