தனி ஆளாகக் கயாக்கில் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) ஒரு பெரிய ஆறு முழுவதும் போக முடியுமா? பயமாக இருக்காதா?

முடியும். நான் டான்யூப் ஆற்றில் போனேன். ஜெர்மனியில் உள்ள உல்ம் நகரத்தில் தொடங்கி, ருமேனியாவில் அது கருங்கடலைச் சேரும் சுலினா வரை சுமார் 2,600 கிலோமீட்டர். ஒரே மூச்சில் இல்லை. வேலை பார்ப்பவனுக்குக் கிடைக்கும் விடுப்பு அவ்வளவுதான் என்பதால், முதல் கோடையில் உல்மிலிருந்து புடாபெஸ்ட் வரை 28 நாள், அடுத்த ஆண்டு அங்கிருந்து கடல் வரை 40 நாள்.

விளையாட்டு வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது வயது நாற்பத்திரண்டு, தொப்பை உண்டு. நீச்சல் மட்டும் நன்றாகத் தெரியும். மேட்டூர்ப் பக்கம் வாய்க்காலில் குதித்து வளர்ந்தவன். படகு, பிரித்து மடித்து முதுகில் சுமக்கக்கூடிய பழைய மடிப்புக் கயாக். இரண்டாம் கையாக 900 யூரோவுக்கு வாங்கினேன்.

உல்மில் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 1932-இல் ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மன்காரர் வேலையில்லாமல் இதே ஊரில் ஒரு மடிப்புக் கயாக்கைத் தண்ணீரில் இறக்கினார். டான்யூபில் கொஞ்ச தூரம் போய், வேறோர் ஆற்றுக்கு மாறி, மத்தியதரைக் கடலை அடைந்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். இந்தியாவின் கரையோரமாக வந்து, இலங்கையைத் தொட்டு, சென்னை வழியாக வடக்கே ஏறி, கடைசியில் 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வடமுனைத் தீவு ஒன்றில் கரையேறினார். அந்த மாதம்தான் உலகப்போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டான் என்று பிடித்து முகாமில் போட்டுவிட்டார்கள். ஏழு வருடம் துடுப்பு போட்டவருக்குக் கிடைத்த வரவேற்பு அது. அவரோடு ஒப்பிட்டால் நான் செய்தது மாலை நடை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “ஆற்றோடுதானே போகிறாய், தண்ணீரே இழுத்துக்கொண்டு போகாதா?” என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒகேனக்கல்லில் பரிசல் பார்த்த புத்தி.

டான்யூபின் மேல்பகுதி ஆறே இல்லை, ஏரிகளால் ஆன படிக்கட்டு. உல்மிலிருந்து கெல்ஹைம் வரை மட்டும் ஒரு டஜனுக்கு மேல் சிறிய மின் அணைகள். ஒவ்வோர் அணைக்கு மேலும் தண்ணீர் அசையாமல் நிற்கும். அணை வந்ததும் கரையில் ஒதுங்கி, மூட்டைகளை இறக்கி, படகுக்கு அடியில் சின்ன இரட்டைச் சக்கர வண்டியைக் கட்டி, பாதையில் இழுத்துப்போய், மறுபடி இறக்கி, மறுபடி மூட்டை கட்டி ஏற்றி உட்கார ஒரு மணி நேரம் போய்விடும். சரிவு மோசமாக இருந்தால் இரண்டு. ஒரு நாளில் இப்படி நான்கு முறை செய்தேன். முதல் வாரம் நான் படகில் போனேன் என்பதைவிட நாயைக் கூட்டிப்போவதுபோல் படகைக் கூட்டிப்போனேன் என்பதே சரி. ஆஸ்திரியாவிலும் எல்லை அணையைச் சேர்த்துப் பத்து இருக்கின்றன. அவை கப்பல் போகும் பெரிய அணைகள். சில இடங்களில் கப்பலை இறக்கும் தொட்டிக்குள் (லாக் என்பார்கள்) கயாக்கையும் விடுவார்கள். ஈரம் வழியும் கான்கிரீட் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு சரக்குக் கப்பலின் பின்புறத்தைப் பார்த்தபடி கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்குவது ஒரு தனி அனுபவம்.

இதனால்தான் அணையில்லாமல் ஓடும் துண்டுகள் வரும்போது உடம்புக்கே தெரிந்துவிடும். வெல்டன்புர்க் மடத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஒரு சிறு துண்டு. ஸ்ட்ராபிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே எழுபது கிலோமீட்டர். ஆஸ்திரியாவில் திராட்சைத் தோட்டங்கள் சரியும் வாஹாவ் பள்ளத்தாக்கு. அப்புறம் வியன்னாவுக்குக் கிழக்கே. இந்தக் கடைசித் துண்டிலும் ஹைன்புர்க் என்ற இடத்தில் அணை கட்டவிருந்தார்கள். 1984 டிசம்பர் குளிரில் ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் போய் உட்கார்ந்து மறித்தார்கள். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1996-இல் அது தேசியப் பூங்காவானது. அங்கே துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டேன். கரை தானாக நகர்ந்தது. அணை மின்சாரத்தில் ஓடும் கணினியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தக் காட்டில் குளிரில் உட்கார்ந்தவர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஸ்லோவாகியாவுக்குள் போனால் கதை தலைகீழ். 1992-இல் காப்சிகோவோ மின்நிலையத்துக்காக ஆற்றின் பெரும்பங்குத் தண்ணீரைப் பக்கத்துக் கால்வாய்க்குத் திருப்பிவிட்டார்கள். எதிர்க்கரையில் இருக்கும் ஹங்கேரி சண்டை போட்டு, வழக்கு ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1997-இல் தீர்ப்பு வந்தது. இரண்டு பக்கமும் தப்பு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்ற பாணியில். காவிரிக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் கால்வாயை விட்டுப் பழைய ஆற்றில் போனேன். பல இடங்களில் படகின் அடி கூழாங்கல்லில் உரசியது. இறங்கி, முழங்கால் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஐரோப்பாவின் இரண்டாவது நீளமான ஆறு!

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் போகுமுன் பயந்தது திருடர்கள், காட்டுப்பன்றி, இரவு. திருட்டு எதுவும் நடக்கவில்லை. செர்பியாவில் ஒரு மணல்திட்டில் கூடாரம் போட்ட இரவு நாலாபுறமும் ஊளை. உயிர் போய்விட்டது. காலையில் விசாரித்தால் நரி. நம்ம ஊர் நரியேதான், அதே இனம். அதற்கப்புறம் ஊளை கேட்டால் நன்றாகத் தூக்கம் வந்தது.

உண்மையான ஆபத்து ஹங்கேரி எல்லையில் இருக்கும் கொமாரோம் ஊருக்குக் கீழே வந்தது, வெயில் அடித்த அழகான ஒரு முற்பகலில். கரையோரம் ஒரு காலிச் சரக்குப் படகு நங்கூரமிட்டு நின்றது. நான் கைப்பேசியில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தினால் அதன் முகப்பு முப்பது மீட்டரில். அந்த வகைப் படகின் முகப்பு தண்ணீருக்கு மேல் சரிவாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆறு அதன் அடியில் புகுந்து ஓடும். கயாக் அதில் பக்கவாட்டில் மாட்டினால் கவிழ்ந்து, ஆளோடு அடியில் போய்விடும். எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தாலும் பயனில்லை. பின்னால் துடுப்பு போட்டால் போதாது என்று எப்படியோ தோன்றியது. ஆற்றின் நடுவைப் பார்த்துப் படகைத் திருப்பி வெறிபிடித்தவன்போல் இழுத்தேன். நங்கூரச் சங்கிலியைக் கையெட்டும் தூரத்தில் கடந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. அன்று மதியமே கரையேறிவிட்டேன். கை நடுக்கத்தில் அடுப்பைப் பற்ற வைக்க ஏழெட்டுத் தீக்குச்சி ஆனது.

ஆகவே யாராவது போவதாக இருந்தால் என் ஒரே உபதேசம்: நிற்கும் எதையும் சந்தேகப்படுங்கள். நின்ற படகு, பாலத்தின் தூண், மிதவை. ஆற்றோடு போகும்போது சிவப்பு மிதவை கப்பல் பாதையின் வலப்பக்க எல்லை, பச்சை இடப்பக்கம். கயாக்குக்கு அந்தப் பாதைக்கு வெளியேதான் இடம். ஓடும் கப்பல் சத்தம் போட்டுக்கொண்டு வரும், அலையை மட்டும் நேராக எதிர்கொண்டால் போதும்.

இரண்டாம் ஆண்டு மொஹாச்சில் ஹங்கேரி எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரை வாங்கினேன். சரக்குக் கப்பல் மாலுமிகளுக்கு நடுவே ஈரக் கால்சட்டையோடு ஓர் இந்தியன். அந்த அதிகாரி படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சக ஊழியரைக் கூப்பிட்டு அவருக்கும் காட்டினார். பெல்கிரேடு வரை எல்லாம் சுகமாகத்தான் போனது. அதற்கப்புறம் ஆறு மறுபடி ஏரியாகிறது. இந்த முறை மிகப் பெரிய ஏரி. ‘இரும்பு வாயில்’ அணை கீழே தேக்கி வைத்திருக்கும் தண்ணீர் அவ்வளவு தூரம் பின்னால் நிற்கிறது. அதன் மேல் கொஷாவா என்ற தென்கிழக்குக் காற்று. கார்ப்பேத்திய மலை இடுக்கில் புகுந்து, ஆறு போகும் திசைக்கு நேர் எதிராக வீசும். பெரும்பாலும் இலையுதிர்காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் உரியது. எனக்கு செப்டம்பர் முதல் வாரமே வந்துவிட்டது. கோலுபாட்ஸ் கோட்டைக்கு மேலே ஆறு சில கிலோமீட்டர் அகலம். துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போகிறது. ஆற்றில் இறங்கி ஆற்றுக்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று நாள் கரையில் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காற்று அடங்கி டோன்யி மிலானோவாட்ஸ் ஊரை அடைந்தபோதுதான் அவரைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டிய மனிதர், படித்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலை வேலை பார்த்தவர் என்பதால் நல்ல ஜெர்மன். காபி வாங்கிக்கொடுத்து, எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். பேச்சுக்கு நடுவில் தூண்டில் கம்பாலேயே தண்ணீரைக் காட்டி, “என் பள்ளிக்கூடம் அங்கே இருந்தது” என்றார். அணைக்காக ஊரையே மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். 1972-இல் அணை முடிந்தது. இன்னும் கீழே அடா காலே என்று ஒரு தீவு. துருக்கியர்கள் வாழ்ந்த, மசூதியும் கடைவீதியும் இருந்த தீவு. அதுவும் முழுதாக உள்ளே போய்விட்டது. அந்த மசூதியின் கம்பளம் மட்டும் இப்போது கான்ஸ்டான்சா நகரத்து மசூதியில் கிடக்கிறதாம்.

என் கொள்ளுப்பாட்டி குடும்பமும் அப்படி எழுந்து வந்ததுதான். 1934-இல் மேட்டூர் அணை வந்தபோது முங்கிப்போன ஊர்களில் ஒன்று அவர்களுடையது. அணையில் தண்ணீர் குறைந்தால் பண்ணவாடிப் பக்கம் நந்தி தலை தெரியும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். சின்ன வயதில் அப்பா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். நான் இதைச் சொன்னதும் தூண்டில்காரர் கேட்ட முதல் கேள்வி: “உங்களுக்குத் தண்ணீர் இறங்குமா?” இறங்கும், வறட்சி வந்தால் இறங்கும் என்றேன். “எங்களுக்கு இறங்காது” என்றார். மீன் எதுவும் மாட்டவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் கஸான் இடுக்கில் போனேன். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் 150 மீட்டர் அகலத்தில் ஆறு. படங்களில் எல்லோரும் பார்க்கும் இடம். பாறையில் செதுக்கிய, பழங்கால டேசிய அரசன் டெசிபாலஸின் பெரிய முகம் அங்கேதான் இருக்கிறது, 1994-இல் ஆரம்பித்துச் செதுக்கியது. அழகு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்குக் கண் முழுக்கத் தண்ணீருக்குள்தான் இருந்தது.

அணைக்குப் பிறகு ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். சமவெளி, பாப்லர் மரங்கள், மணல்திட்டுகள், கொசு. பத்து நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை, பேசத் தோன்றவும் இல்லை. தூரத்தைக் காட்டும் பலகைகள் மட்டும் பேச்சுத்துணை. டான்யூபின் கிலோமீட்டரைக் கடலிலிருந்துதான் எண்ணுகிறார்கள், சுலினாதான் பூஜ்யம். அதனால் போகப்போக எண் குறையும். ருமேனியாவின் பிரைலா ஊரைத் தாண்டியதும் பலகைகள் திடீரென்று கடல் மைலுக்கு மாறின. அன்று ஒரு கணக்குப் புத்தகத்தில் பக்கம் கிழிந்துபோன மாதிரி இருந்தது.

டெல்டாவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், துல்சேயா ஊரில் வாங்கிக்கொள்ளலாம். நாணல், கூழைக்கடா, வேகமாகப் போகும் சுற்றுலாப் படகுகள். சுலினாவில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று ஊருக்குள் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போனதில் விளக்கம் பின்தங்கிவிட்டது. நான் கடல்வாயில் உப்பைக் குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

உல்மில் ஒரு காலத்தில் ‘உல்மர் ஷாக்டெல்’ என்ற தட்டைப் பலகைப் படகுகள் கட்டினார்கள். அவை வியன்னா, அதற்கும் கீழே என்று போகும், திரும்பி வராது. ஆற்றை எதிர்த்து வருவது அவ்வளவு கஷ்டம் என்பதால் போன இடத்தில் பிரித்து மரமாக விற்றுவிடுவார்களாம். நானும் படகை விற்றுவிடலாமா என்று யோசித்தேன். சுலினாவுக்குச் சாலையே கிடையாது, வெளியே வர படகு ஒன்றே வழி. கடைசியில் மனமில்லாமல் அதைப் பிரித்து மடித்துப் பையில் கட்டி, துல்சேயா போகும் பயணிகள் கப்பலுக்கு வரிசையில் நின்றேன். சீட்டு கொடுத்த அம்மாள் பையைக் காட்டி என்ன என்று கேட்டார். படகு என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். சிரித்துவிட்டு, சுமைக்கூலி சேர்த்துச் சீட்டைக் கிழித்தார்.