ஆர்வி-ல நாயோட கிளம்புறவங்களுக்கு: உங்க கேள்விகளும் என் பதில்களும்

நாயை ஆர்வி-ல (கிச்சன், பெட்டோட வீடு மாதிரி இருக்குற பயண வண்டி) கூட்டிட்டு போறதைப் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறய பேர் கேட்டிருக்கீங்க. தெரியாதவங்களுக்காக: நாங்க டல்லாஸ் பக்கம், 28 அடி ஆர்வி, 7 வருஷமா எங்க நாய் மணியோட (லேப்ரடார் கலப்பு, 60 பவுண்டு) அமெரிக்கா முழுக்க சுத்திட்டிருக்கோம். நான் வெட் (கால்நடை டாக்டர்) இல்ல, அதனால மருந்து எவ்வளவு கொடுக்கணும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி (ஆஸ்டின்): அக்கா, வண்டி ஓடும்போது எங்க கோல்டன் ரிட்ரீவர் சோஃபால படுத்துக்குவான், சில நேரம் ரெண்டு முன் சீட்டுக்கும் நடுவுல வந்து உக்காந்துக்குவான். ஹைவேல 60-க்கு மேல போறதே இல்ல. இப்படியே விடலாமா?

விடவே கூடாது தம்பி. சோஃபா, கிச்சன், பெட்டுன்னு எல்லாம் இருக்குறதால அது வீடு மாதிரியே தெரியுது, அங்கதான் நாம ஏமாந்துடுறோம். ஓடுற வரைக்கும் அது வண்டிதான். 60 மைல் வேகத்துல போறப்ப உங்க நாயும் அதே 60-லதான் போகுது, நீங்க பிரேக் அடிச்சு வண்டி நின்னாலும் அவன் நிக்க மாட்டான், நேரா முன்கண்ணாடிக்குத்தான் வருவான், நடுவுல உங்க மனைவியோ குழந்தையோ இருந்தா அவங்களுக்கும் அடி. அது போக ஒரு நாள் அவன் பிரேக் பெடலுக்கு கீழ புகுந்துட்டா என்ன பண்ணுவீங்க?

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கூண்டு, இன்னொன்னு நாய் உடம்புல போட்டு சீட் பெல்ட்டுல மாட்டுற பட்டை, ஹார்னஸ். கடைல எல்லா டப்பாலயும் "கிராஷ் டெஸ்ட் செஞ்சது"ன்னு போட்டிருப்பான், அதை வச்சு வாங்காதீங்க. சென்டர் ஃபார் பெட் சேஃப்டின்னு ஒரு அமைப்பு தனியா டெஸ்ட் பண்ணி சான்று கொடுக்குது, ஸ்லீப்பிபாட் ஹார்னஸ், கன்னர் கூண்டு மாதிரி சிலதுதான் அதுல தேறியிருக்கு. விலை ஜாஸ்திதான், ஆனா ஒரு தடவை வாங்குறது.

அதை எங்க மாட்டுறீங்கங்கிறது அதை விட முக்கியம். டைனிங் பெஞ்சுல இருக்குற பெல்ட் சில வண்டில இரும்பு ஃபிரேம்ல போல்ட் போட்டிருக்கும், சில பழைய வண்டில வெறும் பிளைவுட்ல ஸ்க்ரூ போட்டு விட்டிருப்பாங்க, குஷனைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. பக்கவாட்டுல பாத்த மாதிரி இருக்குற சோஃபா பெல்ட் வேண்டாம். கூண்டுன்னா தரைல ஆங்கர் அடிச்சு ராட்செட் ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்க, மேல கப்போர்ட் இருக்குற இடத்துல வைக்காதீங்க, ஒரு வளைவுல கப்போர்ட் கதவு தானா திறந்து குக்கர் கீழ விழுந்ததை நானே பாத்திருக்கேன், நல்லவேளை மணி அந்தப் பக்கம் இல்ல.

கேள்வி (ஹூஸ்டன்): ஏசி போட்டுட்டு நாயை உள்ள விட்டுட்டு 3, 4 மணி நேரம் வெளிய போயிட்டு வரலாமாக்கா? ஆர்வி பார்க்லதான் (ஆர்வியை நிறுத்தித் தங்குற இடம்) இருப்போம், கரண்ட் இருக்கும்.

பாதிப் பேர் இதைத்தான் கேட்டிருக்கீங்க, அதனால விரிவாவே சொல்றேன்.

நாலு வருஷம் முன்னாடி அரிசோனால ஒரு பார்க்ல ஜூன் மாசம் ஏசியை 74 டிகிரில (இங்க சொல்ற டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்) வச்சுட்டு மளிகை வாங்கப் போனோம், ஒண்ணேகால் மணி நேரம் கூட இருக்காது. திரும்பி வந்தா உள்ள 91 டிகிரி. வெளிய கரண்ட் கம்பத்துல இருந்த 30 ஆம்ப் பிரேக்கர் சூட்டுல தானா ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்தியிருந்துச்சு. மணி பாத்ரூம் தரைல நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு படுத்திருந்தான். இன்னும் ஒரு மணி நேரம் லேட்டாகியிருந்தா அவன் இல்ல. அன்னிக்கு நைட்டு நான் தூங்கவே இல்ல.

2005-ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டி ஆளுங்க நிறுத்தி வச்ச கார்ல அளந்து பாத்திருக்காங்க. வெளிய 72 டிகிரி இருக்குற சாதாரண வெயில் நாள்லயே ஒரு மணி நேரத்துல உள்ள சராசரியா 40 டிகிரி ஏறிடுச்சு, அதுலயும் முக்கால்வாசிக்கு மேல முதல் அரை மணி நேரத்துலயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சதுல பெருசா வித்தியாசமே இல்ல. ஆர்வி பெருசு, காரை விட மெதுவாத்தான் சூடாகும், ஆனா சுவர் மெல்லிசு, முன்னாடி அவ்ளோ பெரிய கண்ணாடி, அந்த மெதுவை நம்பி நாயை விட முடியாது.

கரண்ட் போறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. மத்தியானம் எல்லா வண்டிலயும் ஏசி ஓடும்போது பார்க்ல வோல்டேஜ் இறங்கிடும். நல்ல சர்ஜ் ப்ரொடெக்டர் வச்சிருப்பீங்க, அது 104 வோல்ட்டுக்கு கீழ போனா ஏசி கெட்டுடக் கூடாதுன்னு மொத்தமா கரண்டை நிறுத்திடும், ஏசி தப்பிச்சுடும், உள்ள இருக்குற நாய்? இன்னொன்னு, கரண்ட் திரும்பி வந்தாலும் சில தெர்மோஸ்டாட் தானா ஆன் ஆகாது. உங்களுது எப்படின்னு கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே பிரேக்கரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துடுங்க.

அதனால நாங்க பண்றது இதுதான். செல் சிக்னல்ல ஓடுற டெம்பரேச்சர் மானிட்டர் ஒண்ணு உள்ள இருக்கு, வேகிள், நெக்டோ மாதிரி. வைஃபைல ஓடுறது வேண்டாம், கரண்ட் போனா ரவுட்டரும் சேந்து செத்துடும், அப்புறம் யாரு உங்களுக்கு சொல்லுவா? 80 தொட்டா, இல்ல கரண்ட் போனா, ரெண்டு பேர் ஃபோனுக்கும் மெசேஜ் வரும். பக்கத்து சைட்ல யாராவது நல்லவங்களா இருந்தா ஒரு சாவியைக் கொடுத்து "மெசேஜ் வந்தா கூப்பிடுவேன், கதவை மட்டும் திறந்து விடுங்க"ன்னு சொல்லிட்டுப் போவோம், நாய் வச்சிருக்குறவங்க யாரும் மாட்டேன்னு சொன்னதில்ல. அப்புறம், 20 நிமிஷத்துல திரும்பி வர முடியாத தூரத்துக்கு வெயில் காலத்துல போகவே மாட்டோம். கரண்ட் போனதும் தானா ஸ்டார்ட் ஆகுற ஜெனரேட்டர் இருந்தா நல்லதுதான், ஆனா அதுவும் ஒரு மெஷின், அது ஒண்ணை மட்டும் நம்பாதீங்க.

3, 4 மணி நேரம் வெளிய போகணும்னா ஊருக்குள்ள நாய்களுக்கான டே கேர் பாருங்க, இல்ல ஒருத்தர் நாயோட இருங்க.

கேள்வி (டாம்பா): பக் வச்சிருக்கோம். ஹீட் ஸ்ட்ரோக்னு எப்படி கண்டுபிடிக்கிறது, உடனே என்ன பண்ணணும்?

மூக்கு சப்பையா இருக்குற பக், புல்டாக் எல்லாத்துக்கும் மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர வைக்கணும், அதுவே அதுங்களுக்குக் கஷ்டம், அதனால மத்தவங்களை விட நீங்க ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருங்க. மூச்சு இரைக்கிறது நிக்கவே நிக்காது, எச்சில் பசை மாதிரி ஒழுகும், ஈறு செக்கச்செவேல்னு ஆகும், தள்ளாடும், வாந்தி எடுக்கும். உடனே நிழல், சாதாரண குழாய்த் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்துங்க, ஃபேனோ ஏசியோ முழு வேகத்துல. ஈரத் துண்டைப் போத்தி விட்டுடாதீங்க, சூடு உள்ளயே நின்னுடும். முதல்ல குளிர வைங்க, அப்புறம் வெட் கிட்ட ஓடுங்க, தெளிஞ்ச மாதிரி இருந்தாலும் காட்டணும், உள்ள கிட்னி எல்லாம் அடி வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு ஊர்லயும் வண்டியை நிறுத்தினதும் 24 மணி நேரமும் இருக்குற வெட் எங்கன்னு தேடி ஃபோன்ல போட்டு வச்சுக்கோங்க.

கேள்வி (நியூ ஜெர்சி): நாங்க பயணத்துக்கு எப்பவும் புளியோதரை, தயிர் சாதம்தான் கட்டிட்டுப் போவோம். நாய்க்கும் அதையே கொஞ்சம் வைக்கலாமா?

இந்தக் கேள்வி கேட்டதுக்கு உங்களுக்கு ரொம்ப நன்றி. புளியோதரை ஒரு வாய் கூட வேண்டாம். திராட்சை நாய்க்கு ஆகாதுன்னு ரொம்ப நாளாத் தெரியும், ஏன்னுதான் புரியாம இருந்துச்சு. 2021-ல ஏஎஸ்பிசிஏங்கிற அமெரிக்க விலங்கு நல அமைப்போட விஷ மையத்து டாக்டருங்க டார்டாரிக் ஆசிட்தான் காரணமா இருக்கணும்னு எழுதினாங்க, அந்த ஆசிட் புளிலயும் நெறய இருக்கு, புளி தின்ன நாய்களுக்கு கிட்னி கெட்டுப் போனதும் பதிவாகியிருக்கு. நம்ம வீட்டுல புளி இல்லாத நாளே கிடையாது, ஆனா நம்ம ஆளுங்க நெறய பேருக்கு இது இன்னும் தெரியல. வெங்காயம் பூண்டு போட்ட சாம்பார், பாயசத்துல கேசரில போடுற உலர் திராட்சை, சுகர் ஃப்ரீ சூயிங் கம்ல வர்ற சைலிட்டால், சாக்லேட், எதுவும் கூடாது. வண்டில எல்லாமே அதோட மூக்கு உயரத்துல இருக்கும், குப்பைக் கூடைக்கு மூடி போட்டு பூட்டு வைங்க. தாளிக்காத தயிர் சாதம் ஒரு கரண்டி பரவால்ல.

கேள்வி (சான் ஹோசே): யெல்லோஸ்டோன், ஜயான், கிராண்ட் கேன்யன் மூணும் பிளான் பண்ணியிருக்கோம். எங்கெல்லாம் நாயை விடுவாங்க?

நேஷனல் பார்க்ல பொதுவா 6 அடிக்கு மேல கயிறு கூடாது, கேம்ப் சைட்ல கட்டிப் போட்டுட்டு நீங்க நடக்கப் போறதும் கூடாது. கிராண்ட் கேன்யன்ல தெற்கு ரிம்தான் (பள்ளத்தாக்கோட தெற்கு விளிம்பு) மூணுல நமக்கு வசதி, விளிம்புக்கு மேல இருக்குற நடைபாதைல கூட்டிட்டுப் போகலாம், கீழ இறங்குற பாதைலயும் ஷட்டில் பஸ்லயும் விட மாட்டாங்க. அங்கயே நாய் பாத்துக்குற இடம் இருக்கு, தடுப்பூசி பேப்பர் கேப்பாங்க, முன்னாடியே புக் பண்ணுங்க.

ஜயான்ல பரூஸ்னு ஒரே ஒரு பாதைதான். அது ஆத்தங்கரை ஓரமாப் போகுது, அதனால இதைக் கவனமாப் படிங்க. 2020 ஜூலைல அந்த வர்ஜின் ஆத்துல ஒரு நாய்க்குட்டி விளையாடிட்டு கொஞ்ச நேரத்துலயே செத்துப் போச்சு, தண்ணில இருந்த சயனோபாக்டீரியா விஷம். பாசி மாதிரி பாறைல ஒட்டியிருக்கும், கரைல காஞ்சு கிடந்தாலும் விஷம்தான். ஆத்துலயோ ஏரிலயோ குடிக்க விடாதீங்க, நம்ம டேங்க் தண்ணியைப் பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க.

யெல்லோஸ்டோன்ல ரோடு, பார்க்கிங், கேம்ப் கிரவுண்டுல இருந்து 100 அடிக்குள்ளதான் நாய் இருக்கலாம், வெந்நீர் ஊத்துக்குப் போற பலகைப் பாதைல கிடையவே கிடையாது. 1981-ல வண்டில இருந்து தப்பிச்ச ஒரு நாய் 200 டிகிரிக்கு மேல கொதிக்கிற செலஸ்டின் குளத்துல குதிச்சுடுச்சு, காப்பாத்தக் குதிச்ச 24 வயசுப் பையன் அடுத்த நாள் இறந்துட்டான், நாயும் போச்சு. அங்க போறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் இதுதான் ஞாபகம் வரும்.

கேள்வி (அட்லாண்டா): எங்களுது கதவைத் திறந்தா அம்பு மாதிரி பாயுது. கேஸ் ஸ்டேஷன்ல ரெண்டு தடவை ஓடிடுச்சு.

கயிறு மாட்டாம கதவு திறக்கக் கூடாது, இதை வீட்டுல குழந்தை வரைக்கும் எல்லாரும் பழகணும். உள்ள கதவு பக்கத்துல ஒரு கொக்கி அடிச்சு கயிறை அதுல தொங்க விடுங்க, முதல்ல கொக்கில இருந்து நாய்க்கு, அப்புறம்தான் கதவுக் கைப்பிடி. நாய்க்குட்டிக்குப் போடுற மடக்கு கேட்டையும் வாசல்ல வச்சுப் பாருங்க. மைக்ரோசிப் போட்டிருப்பீங்க, ஆனா அதுல பழைய ஃபோன் நம்பர் இருந்தா பிரயோஜனம் இல்ல, இன்னிக்கே போய் மாத்துங்க. கழுத்துல செல் நம்பர் தெளிவாத் தெரியட்டும்.

கேள்வி (சிகாகோ): சிலைட் அவுட் (பட்டன் அமுக்கினா வெளிய நீண்டு, திரும்ப உள்ள வர்ற ஆர்வி பகுதி), கேஸ் இதெல்லாம் நாய்க்கு ஆபத்தா?

ஆமா. சிலைட் உள்ள வரும்போது அது அடில போய்ப் படுத்துக்கும், நசுங்கிடும், அதனால பட்டன் தொடுறதுக்கு முன்னாடி நாய் ஒருத்தர் கைல இருக்கணும். ஆர்வி அடுப்புக்கு வர்ற புரோபேன் கேஸ் காத்தை விடக் கனம், கீழ தரையோட தங்கும், நாயும் தரைலதான் தூங்குது, அதுக்குத்தான் கேஸ் கசிஞ்சா கத்துற டிடெக்டரையே கீழ வச்சிருக்காங்க. அதுல காலாவதி தேதி அச்சடிச்சிருக்கும், பாருங்க, நெறய பேர் வண்டி வாங்கினப்ப வந்ததையே வச்சிருக்கீங்க.

கேள்வி (டெட்ராய்ட்): கனடா பக்கம் போகணும். எங்களுது சென்னைல இருந்து கூட்டிட்டு வந்த நாட்டு நாய், இங்க வந்து 3 வருஷமாச்சு. ஏதாவது பிரச்சனையா?

அடடா, நாட்டு நாயா, சந்தோஷம். கனடாவுக்குள்ள போக வெட் கையெழுத்துப் போட்ட ரேபிஸ் சான்றிதழ் போதும். திரும்பி வரத்தான் பேப்பர் வேலை: 2024 ஆகஸ்ட் 1-ல இருந்து நாய்க்கு 6 மாசமாவது ஆகியிருக்கணும், மைக்ரோசிப் வேணும், சிடிசி (அமெரிக்க அரசோட நோய்த் தடுப்பு மையம்) ஃபாரம் ஆன்லைன்ல போட்டு ரசீது வச்சிருக்கணும். இந்தியா அவங்க ரேபிஸ் அபாயப் பட்டியல்ல இருக்கு, ஆனா அவங்க பாக்குறது கடைசி 6 மாசம் நாய் எங்க இருந்துச்சுங்கிறதைத்தான், அதனால உங்களுக்குப் பிரச்சனை இல்ல.

கேள்வி (டென்வர்): மலைப் பாதைல வாந்தி எடுக்குது.

கிளம்புறதுக்கு சில மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுடுங்க, கூண்டை வண்டி நடுவுல வைங்க, பின்னாடிதான் ஆட்டம் ஜாஸ்தி. அப்பவும் நிக்கலன்னா செரினியான்னு மாத்திரை இருக்கு, வெட் எழுதித் தருவாங்க.

கேள்வி (சியாட்டில்): அக்கா, நான் தனியா நாயோட மூணு மாசம் போறேன். எனக்கு ஏதாவது ஆயிட்டா அவ என்ன பண்ணுவான்னுதான் பயமா இருக்கு.

இந்தப் பயம் நியாயமானது, நானும் தனியாப் போன நாள்ல இதையேதான் நினைச்சேன். பர்ஸ்ல லைசென்ஸ் பக்கத்துலயே ஒரு அட்டை வைங்க: "என் வண்டில நாய் இருக்கு", வண்டி நம்பர், சைட் நம்பர், கூப்பிட வேண்டிய ரெண்டு பேர் நம்பர். ஆம்புலன்ஸ்காரங்க முதல்ல பர்ஸைத்தான் பாப்பாங்க. வண்டிக் கதவு ஜன்னல்லயும் உள்ள நாய் இருக்குன்னு உங்க நம்பரோட ஒட்டுங்க. உள்ள ஒரு கவர்ல தடுப்பூசி பேப்பர், அவ சாப்பாட்டு அளவு, மருந்து, எதுக்கு பயப்படுவா, கட்டிலுக்கு அடில ஒளிஞ்சா எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா வெளிய வருவா, எல்லாம் எழுதி வைங்க. தினம் ராத்திரி ஒருத்தருக்கு "வந்து சேந்துட்டேன்"னு இருக்குற இடத்தோட மெசேஜ் போடுங்க, காலைல 10 மணி வரைக்கும் உங்ககிட்ட இருந்து சத்தமே இல்லன்னா அந்த கேம்ப் கிரவுண்டு ஆபீஸுக்கு ஃபோன் அடிக்கச் சொல்லி வைங்க. ஆள் கிடைக்கலன்னா எனக்கே போடுங்கம்மா, நான் காலைல 5 மணிக்கே எழுந்துடுவேன்.